போன தடவை ஆறு மாசம்

மகனின் வழக்கில் தீர்ப்பைக் கேட்டுவிட்டு நெய்வேலி குவார்ட்டர்ஸுக்குத் திரும்பியும் கொளஞ்சிநாதனுக்கு ஆத்திரம் அடங்கவில்லை.

"ரெண்டாவது தடவ, அதுவும் மூட்டை மூட்டையா. பத்து வருஷத்துக்குக் கீழ குறைக்கச் சட்டத்துல இடமில்லையாம். எதிர்வூட்டுக்காரன்தான் போலீஸுக்குச் சொல்லியிருக்கான். இனி அந்த வூட்டோட பேச்சு வச்சிக்காத!"

"போன தடவ கஞ்சா கேஸுல ஆறு மாசந்தாங்க குடுத்தாங்க. பழக்கத்த விட்டு, உடம்பு தேறி வந்தானே..." என்றாள் விருத்தாம்பாள்.

அவர் டிபன்பாக்ஸை எடுத்துக்கொண்டு ஷிஃப்டுக்குக் கிளம்பிவிட்டார்.

"அக்கா..." எதிர்வீட்டுத் திலகவதி கதவைத் தட்டினாள். மனசுவிட்டுப் பேச அந்த பிளாக்கிலேயே விருத்தாம்பாளுக்கு இருந்த ஒரே ஆள் அவள்தான்.

விருத்தாம்பாள் திறக்கவில்லை. அரிசி டப்பாவுக்குப் பின்னாலிருந்த காலண்டர் தாளை எடுத்து அடுப்பில் காட்டினாள்.

இந்தத் தடவையும் ஆறே மாசத்தில் திருந்தி வந்துவிடுவான் என்று நம்பி, அவளே போன் போட்ட போலீஸ் ஸ்டேஷன் நம்பர் அதில் இருந்தது.