இருபத்தொன்றாவது கேள்வி

போட்டித் தேர்வில், சரியான கண்ணாடி பிம்பப் படத்தைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகளில்தான் அக்கா இரண்டு முறையும் கோட்டை விட்டாள். மூன்றாவது பரீட்சைக்கு முந்தின நாள், சரிபார்க்க வசதியாக, மாதிரி வினாத்தாளின் ஓரத்தில் முகம் பார்க்கும் கண்ணாடியை நிறுத்தினாள். தாளில் அவள் இன்னும் ஒரு டிக் கூடப் போடவில்லை. கண்ணாடியில் மட்டும் ஒவ்வொரு கேள்விக்கும் டிக் போட்டிருந்தது. இருபது கேள்விகளுக்கு அதைப் பார்த்தே எழுதினாள்.

விடைக்குறிப்போடு உட்கார்ந்திருந்த தம்பி திருத்தினான்.

"இருபதுக்கு இருபது. யாரப் பாத்துக் காப்பியடிச்ச?"

"என்னையத்தான்."

மிச்சமிருந்த ஒரே கேள்விக்கு, ரோஷத்தில், கண்ணாடியைப் பார்க்காமலே இரண்டாவது படத்துக்கு டிக் போட்டாள். பேனாவை மூடி வைத்துவிட்டு நிமிர்ந்தாள். கண்ணாடிக்குள் மூன்றாவது படத்துக்கு விழுந்திருந்த டிக்கை ஒரு பேனா அடித்துவிட்டு, இரண்டாவதற்கு மாற்றிப் போட்டது.

"இது தப்புக்கா," என்றான் தம்பி. "மூணாவதுதான் சரி."