கன்னாட் டியூக்கின் பாதிக் கதை

"வெள்ளைக்காரன் ராஜா வீட்லயே பையன் இல்லன்னா பட்டம் அத்துப்போவுது. நம்ம கெங்கையம்மன் மரியாதை மட்டும் பொண்ணு தலைக்குப் போவுமா? கன்னாட் டியூக் கதைக்கு இன்னா சொல்றீங்க?"

பரந்தாமன் கேட்ட கேள்விக்குத் தர்மகர்த்தா கோபிநாத் தலையைச் சொறிந்தார். கன்னாட் டியூக் யாரென்று தெரிந்தால்தானே பதில் சொல்வதற்கு!

வேதாசலத்தின் வீட்டுக் கூடத்தில் ஊர்ப் பெரியவர்கள் கூடியிருந்தார்கள். கெங்கையம்மன் திருவிழாவில் முதல் பரிவட்டம் இந்தக் குடும்பத்து மூத்தவருக்குத்தான். வேதாசலத்துக்குப் போன வருஷம் பக்கவாதம் வந்து கால் விழுந்துவிட்டது. அவருக்கு ஆண் பிள்ளையும் இல்லை. மகள் யோகலட்சுமி வாங்கட்டும் என்கிறார் அவர். எனக்குத்தான் வரவேண்டும் என்கிறார் தம்பி பரந்தாமன். பெண் தலையில் பரிவட்டம் ஏறியதாக இந்த ஊரில் சரித்திரமே கிடையாது. பங்காளி சம்மதிக்காமல் வழக்கத்தை மாற்றவும் முடியாது.

"யாருப்பா அந்த டியூக்கு?" என்றார் தர்மகர்த்தா.

பரந்தாமன் ஆம்பூர் ஷூ கம்பெனியில் கட்டிங் சூப்பர்வைசர். கணீரென்று ஆரம்பித்தார். "லண்டன் கம்பெனிக்குப் போற எங்க புது ஷூவுக்கு அவர் பேருதாங்க. விக்டோரியா மகாராணியோட மூணாவது பையன். டில்லில கன்னாட் பிளேஸ் இருக்குதே, அது இவர் பேருதான். இவருக்கு ஒரே பையன், அப்பனுக்கு முன்னாடியே போய்ட்டான். பேரன் பட்டத்துக்கு வந்தான், கல்யாணம் ஆவாமலே அவனும் போய்ட்டான். அவ்ளோதான், ஆண் வாரிசு இல்ல, பட்டமே அத்துப்போச்சு. சந்தேகம்னா எழிலரசியக் கேளுங்க. ஷூவுக்குப் பேர் வெச்சதே அதுதான்."

எல்லாரும் எழிலரசியைப் பார்த்தார்கள். அதே கம்பெனியில் டிசைன் பிரிவில் இருப்பவள். கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக்கூடக் கழற்றாமல் வந்து யோகலட்சுமியை ஒட்டி உட்கார்ந்திருந்தாள். யோகலட்சுமிக்கு நாலு பேர் முன்னால் வாயே வராது. அவளுக்கும் சேர்த்துப் பேசத்தான் எழிலரசி இருக்கிறாளே.

"அவர் சொன்னது அத்தனையும் நெஜம்தாங்க ஐயா" என்றாள்.

பரந்தாமன் மீசையைத் தடவிக்கொண்டார். வேதாசலத்தின் முகம் தொங்கிப்போனது.

"ஆனா பாதிக் கதைதான் சொன்னாரு. டியூக்குக்கு ரெண்டு பொண்ணுங்களும் இருந்தாங்க."

"பொண்ணுங்க கதை இப்ப எதுக்கு?" என்றார் பரந்தாமன்.

"அந்த வெள்ளைக்காரங்களும் அப்படித்தான் நெனச்சாங்க. அதான் பட்டம் போச்சு." எழிலரசி தர்மகர்த்தா பக்கம் திரும்பினாள். "மூத்த பொண்ணு மார்கரெட்ட ஸ்வீடன் இளவரசருக்குக் கட்டிக் குடுத்தாங்க. இன்னிக்கு ஸ்வீடன் ராஜா அந்தம்மாவோட பேரன். டென்மார்க் ராஜா கொள்ளுப்பேரன். பையன் வழில இன்னா மிச்சம்? டில்லில ஒரு கடைத்தெரு, ஆம்பூர்ல ஒரு ஷூ டப்பா!"

கூடமே குலுங்கிச் சிரித்தது. பரந்தாமன் மட்டும் துண்டை உதறித் தோளில் போடுகிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டார்.

"அதெல்லாம் பொண்ணுங்க வாக்கப்பட்டுப் போன வூட்டு சிம்மாசனம்" என்றார் திரும்பி. "டியூக் பட்டம் அத்துப்போனது அத்துப்போனதுதானே?"

"அத்துப்போச்சுதான். அன்னிக்கு டியூக்கோட சின்னப் பொண்ணு உசுரோட இருந்தாங்க ஐயா. வாங்கிக்க ஆள் இருந்துது. குடுக்கத்தான் மனசு இல்ல." அவள் யோகலட்சுமியின் தோளில் கைவைத்தாள். "போன வருஷம் பூங்கரகம் எடுத்துட்டு வர்றப்ப பெரியவரு சரிஞ்சாரே, கரகம் மண்ணுல விழாம தாங்கிப் புடிச்சது யாரு? கோயில் வரைக்கும் தலையில தூக்கினு போனது யாரு? யோகா அக்காதானே! அப்ப யாராச்சும் பொண்ணு தொடக்கூடாதுன்னு சொன்னீங்களா?"

 அன்று கரகம் விழாமல் போனதற்குச் சூடம் ஏற்றிக் கும்பிட்டவர்கள்தான் எல்லாரும்.

தர்மகர்த்தா தொண்டையைக் கனைத்துக்கொண்டார். "எனக்கு ஆட்சேபணை இல்ல. பங்காளி நீ இன்னா சொல்றே, பரந்தாமா?"

அண்ணன் தலையில் பரிவட்டம் ஏறும்போதெல்லாம் பக்கத்தில் நின்று ஏக்கத்தோடு பார்த்தவர் பரந்தாமன். இன்று இல்லையென்றால் இனி அவருக்குக் கிடையாது. தோள் துண்டை எடுத்து முகத்தை அழுத்தித் துடைத்தார். பிறகு எழுந்து யோகலட்சுமியிடம் போனார்.

"தலைய நேரா வெச்சிக்கணும். குனிஞ்சா பரிவட்டம் நழுவிடும்" என்றார்.

வேதாசலத்துக்கு அழுகை பொங்கியது. தம்பியின் கையைப் பிடித்தவர் விடவே இல்லை.

கூட்டம் கலைந்தது. வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தர்மகர்த்தா கேட்டார், "இன்னாப்பா, ஊர் முன்னாடி தோத்துட்டு வர்றே, மூஞ்சி இந்தப் பூரிப்பு பூரிச்சிருக்குது?"

"தோத்தது யார்கிட்ட? நான் பெத்த பொண்ணுகிட்டதானே!" என்று மார்தட்டிய பரந்தாமன், எழிலரசியின் ஸ்கூட்டியில் பின்னால் ஏறி ராஜா மாதிரி உட்கார்ந்தார்.