அடுத்த பெயர்

பின்லாந்தின் ஔலு நகரத்துப் பிப்ரவரி வெயில் ஆய்வகச் சன்னலோடு நின்றுவிடுகிறது. கொதிகலனின் வெப்பமானியைப் பார்த்து ஹில்லா எண்களைச் சொல்லச் சொல்ல ஒன்னி எழுதுகிறான். அவள் பையில் போன் அதிர்கிறது. எட்டிப் பார்க்கிறாள்: கோடைப் பயிற்சிக்கு இருவரும் விண்ணப்பித்திருந்த காகித ஆலை. பயிற்சி இல்லாமல் பட்டம் கிடையாது. "எடுத்துடாத தாயே, ஒரு ரீடிங் விட்டாலும் மறுபடி முதல்லேர்ந்து செய்யணும். அப்புறமா கூப்பிட்டுப் பேசிக்கோ" என்கிறான். அதிர்வு அடங்குகிறது. சற்று நேரத்தில் அவன் போன் ஒலிக்க, பென்சிலை அவள் கையில் திணித்துவிட்டு வெளியே ஓடுகிறான். கண்ணாடிக்கு அப்பால் அவன் தலை பணிவாக ஆடிக்கொண்டே இருக்கிறது. ஹில்லா தானே பார்த்துத் தானே எழுதுகிறாள். திரும்பி வந்தவனுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. "அதே ஆலைதான். நீ எடுக்கலன்னு அடுத்த பேரைக் கூப்பிட்டாங்களாம்." தாளை எட்டிப் பார்க்கிறான். "எதையும் விட்டுடலையே?"

"ரீடிங் எதையும் விடல" என்கிறாள்.