நீலக்கோடு நிற்கும் இடம்

எங்கள் கம்பெனி மென்பொருள் செய்து கொடுக்கும் அந்த அயல்மொழியில் சொற்களுக்கு இடையே இடைவெளி கிடையாது. அதனால் எங்கள் எழுத்துச் செயலியில் இணைய முகவரி எங்கே முடிகிறது என்று தெரியாமல், அதை ஒட்டி வரும் வாக்கியத்தையும் இணைப்புக்கு அடியில் விழும் நீலக்கோடு விழுங்கிவிடும். சொடுக்கினால் ‘பக்கம் இல்லை’ என்று வரும். அதைச் சரிசெய்வது என் வேலை. சோதனைக்காக முகவரியை ஒட்டி வரும் வாக்கியத்தை எழுதிக் கொடுத்தவள், அந்த மொழி படித்த, போன வருடம் செத்துப்போன என் தங்கை.

இன்று, அவள் வாக்கியத்தையும் விழுங்கியிருந்த கோட்டைச் சொடுக்கியபோது பக்கம் திறந்தது. திரையில் எங்கள் வீட்டுச் சமையலறை. தங்கை இரண்டு கோப்பைகளில் காபி ஊற்றினாள். ஒன்றை என் நாற்காலிப் பக்கம் நகர்த்திவிட்டு, வாசலைப் பார்த்தபடி உட்கார்ந்தாள்.

“என்னம்மா, முடிஞ்சுதா?” என்றார் மேலாளர்.

“இன்னும் ஒரு நாள் குடுங்க சார்.”

“ஒரு கோட்டை நிறுத்த ஒரு வருஷமா? சாயங்காலத்துக்குள்ள முடிக்கலன்னா நாளைக்கு உங்க சீட்ல வேற ஆள்.”

வேலை போனால் நானும் அவளும் இருந்த அந்த வாடகை வீடும் போய்விடும். திருத்தினேன். கோடு முகவரியோடு ஒழுங்காக நின்றது. சொடுக்கினேன், கம்பெனியின் முகப்புப் பக்கம் வந்தது.

“இதுக்குத்தானா இவ்வளவு இழுத்தீங்க?” என்று சிரித்தார்.

வீட்டுப் பூட்டைத் திறந்து உள்ளே போனேன். மேசையில் இரண்டு கோப்பைகள். அவளுடையது காலி. என்னுடையதில் காபி அப்படியே இருந்தது, ஆடை படிந்து, ஆறிப்போய்.