அஷ்ரஃபின் இதயம்

இந்தச் செய்முறைத் தேர்வில் தேறினால்தான் பயோமெடிக்கல் பட்டம். மேசையில் படுத்திருந்த வேறு வகுப்புத் தோழி மெர்லினின் கைகால்களில் கிளிப்புகளை மாட்டி, அவளுடைய இதயத் துடிப்பைத் தாளில் பதிவெடுத்தாள் தமயந்தி. வரிசையாக வந்த அலைகள் ஓரிடத்தில் விட்டுப்போய் மறுபடி வந்தன. கிளிப்புகளைத் துடைத்து மாட்டினாள். அதே இடைவெளி.

"நார்மலா வந்தாத்தான் மார்க்," என்றார் தேர்வாளர்.

இழுப்பறையில் வகுப்புத் தோழன் அஷ்ரஃபின் சீரான பழைய பதிவு கிடந்தது. யாருக்கு அலை சரியாக வராவிட்டாலும் அதில் ஒரு துண்டைக் கிழித்து ஒட்டுவது வகுப்பின் வழக்கம். தேர்வாளர் அந்தப் பக்கம் திரும்பியதும் தமயந்தியும் ஒட்டினாள். கையெழுத்து விழுந்தது.

மெர்லின் எழுந்து உட்கார்ந்து எட்டிப் பார்த்தாள்.

"அழகா இருக்குடி. போட்டோ எடுத்துக்கறேன். படபடன்னு வருதுன்னா அம்மா டாக்டர்கிட்டப் போன்னு உயிரை வாங்கறாங்க. இதைக் காட்டிடறேன்."

தமயந்தியின் மூடிய கைக்குள் இடைவெளி விழுந்த முதல் தாள் வியர்வையில் ஊறிக்கொண்டிருந்தது.