ஓட்டையில்லாத வலை

“உங்க பையன் ரத்தத்துல மலேரியாவை எதிர்க்கிற சக்தி நிறைய இருக்கும்மா” என்றார் அறைக்கு வந்திருந்த டாக்டரம்மா.

கிரேன் ஓட்டுநரின் மனைவிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. மடியில் கிடந்த மூன்று மாதப் பிள்ளையை இறுக்கிக்கொண்டாள்.

அணைக்கட்டு வேலையாட்களுக்கான அந்தத் தகரக் குடியிருப்பில் கொசுவுக்கு மட்டும்தான் குறை இல்லை. யாருக்கு மலேரியா வந்து போயிருக்கிறது, யார் தாங்குவார்கள் என்று பார்க்க, மாதாமாதம் எல்லோர் விரலிலும் குத்தி ரத்தம் எடுத்திருந்தார்கள். அப்படியும் போன வாரம் பக்கத்து அறைக்காரியின் மகனைக் காய்ச்சல் கொண்டுபோய்விட்டது. அவனும் இவள் பிள்ளையும் ஒரே நாளில், ஒரே ஆஸ்பத்திரியில் பிறந்தவர்கள்.

நேற்று அவள் வாசலில் வந்து நின்று, “ஒரு தடவை தூக்கிக்கட்டுமாக்கா?” என்று கேட்டாள். இவள் கதவைச் சாத்திவிட்டாள். பாவம்தான், ஆனால் காய்ச்சல் கண்ட வீட்டுக் கை. பெற்ற மனசு பயப்படத்தானே செய்யும்?

“இத்தனூண்டு பிள்ளைக்கு அந்தச் சக்தி எப்படி டாக்டர் வந்துச்சு?”

“அடிக்கடி மலேரியா வந்து தேறின அம்மாகிட்டேருந்து, வயித்துல இருக்கும்போதே வந்துடும். பிறந்தப்புறம் கொஞ்சம் கொஞ்சமா கரையும். இவனுக்கும் போன மாசத்தைவிடக் குறைஞ்சிருக்கு. அதனால அம்மா குடுத்ததுதான்.”

அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. “வேற எதுவும் குடுக்க வக்கில்லாட்டியும் இதையாவது குடுத்தேனே.”

டாக்டரம்மா சிரிக்கவில்லை. “உங்க ரத்தத்தையும் பார்த்தோம். அதுல அது துளிகூட இல்ல. உங்களுக்கு மலேரியா வந்ததே இல்ல.”

“ஆமா டாக்டர், நான் குளிர் ஊர்க்காரி. பிரசவத்துக்குக் கொஞ்சம் முன்னாலதான் இங்க வந்தேன்.”

“பக்கத்து அறைப் பொண்ணுக்கு நிறைய இருக்கு. ஆனா செத்துப்போன பையனுக்குச் சுத்தமா இல்ல. அதான் முதல் காய்ச்சலையே தாங்கல.”

தகரச் சுவருக்கு அந்தப் பக்கம் பக்கத்து அறைக்காரி விசும்புவது கேட்டது. டாக்டரம்மா குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“ஆஸ்பத்திரியில ரெண்டு பிள்ளைங்களையும் தனித்தனியாத்தானே படுக்க வெச்சிருந்தாங்க?”

அவள் குனிந்து பிள்ளையின் முகத்தைப் பார்த்தாள். மடியில் இருந்தவன் அவள் விரலைப் பிடித்துக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தான்.

“ஓட்டையில்லாத கொசுவலை அங்க ஒண்ணுதான் இருந்துச்சு டாக்டர்.”