வெளிச் சோறு

மேட்டுப்பாளையம் சாலையில் இருந்த அந்தப் பொழுதுபோக்குப் பூங்காவில் போண்டா விலை மறுபடியும் ஏறியிருந்தது. ஆட்கள் வீட்டுச் சோற்றோடு வரத் தொடங்கியதால், இன்று காலை திடீரென்று புது உத்தரவு வந்தது: வெளிச் சாப்பாடு உள்ளே போகக் கூடாது.

"ஒரு டப்பா உள்ள போனாலும் நாளைக்கு வேலைக்கு வர வேண்டாமுங்க" என்று வாசலில் பை சோதிக்கும் ரூபினாவிடம் சொல்லிவிட்டு, சூப்பர்வைசர் ராமுலு பக்கத்திலேயே நின்றுகொண்டார்.

பள்ளிச் சுற்றுலாப் பிள்ளைகள் வரிசையாக வந்தார்கள். ஒரு சிறுமியின் பையிலிருந்து ரூபினா டிபன் டப்பாவை எடுத்தாள். இன்னும் லேசாகச் சூடு இருந்த அதைப் பிடித்திருக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

"இதைக் கொண்டுபோகக் கூடாது கண்ணு."

"அப்ப மத்தியானத்துக்கு?"

"உள்ள கேன்டீன் இருக்குது."

"போண்டா எவ்வளவுங்க?"

"பதினஞ்சு ரூவா."

சிறுமி தன் கையிலிருந்த ஐந்து ரூபாயைப் பார்த்தாள். பிறகு ரூபினாவைப் பார்த்தாள். உள்ளே போய்விட்டாள்.

ராமுலு டப்பாவைத் திறந்தார். நெய்ச்சோறு மணத்தது.

"பாவம், இந்தப் புள்ளையோட அம்மா எப்ப எந்திரிச்சுச் செஞ்சாங்களோ."

"விடியறதுக்கு முன்னாலயே எந்திரிச்சேனுங்க" என்றாள் ரூபினா.